பின்சக்கரத்தில் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தால்: வீலை மாற்றுவதா, கட்டுவதா?

கேள்வி இது. தினமும் வேலைக்குப் போய்வரும் 700சி அளவுச் சக்கரம் உள்ள ஹைப்ரிட் சைக்கிள், பின்னால் ஏழு பல்சக்கரம், வி பிரேக் (ரிம்மின் பக்கத்தைக் கவ்வும் பிரேக்), 36 கம்பி. சில மாதங்களுக்குள் பின்சக்கரத்தில் மூன்று ஸ்போக்ஸ் கம்பிகள் உடைந்துவிட்டன. மூன்றும் கியர் பக்கம், மூன்றும் ஹப்பை (சக்கரத்தின் நடு உருளையை) ஒட்டிய வளைவில். கடையில் ஒவ்வொரு முறையும் ஒரு கம்பியைப் போட்டு, கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது வீலையே மாற்றச் சொல்கிறார்கள். ரிம் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா? கம்பிகளை மட்டும் மாற்றிக் கட்ட முடியுமா? அதை வீட்டில் நாமே செய்யலாமா?

கட்டலாம், வீட்டிலும் செய்யலாம். ரிம்மும் ஹப்பும் உண்மையிலேயே நல்ல நிலையில் இருக்கின்றனவா என்பதை மட்டும் முதலில் பார்க்க வேண்டும். நான்காவது கம்பி உடைந்ததும் அதை மட்டும் மாற்றிக்கொண்டு வராதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடையில் தொங்கும் விலை குறைந்த ரெடிமேட் வீலை வாங்கி அப்படியே மாட்டினால், இதே கதை இன்னொரு முறை தொடங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த வீல்கள் பெரும்பாலும் நேராக இருக்கும், ஆனால் கம்பிகள் போதிய இறுக்கத்தில் இருக்காது. உங்கள் கம்பிகள் உடைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உடைந்த துண்டு கையில் இருந்தால் முறிந்த முகத்தை வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாகவும் மீதி சொரசொரப்பாகவும் இருந்தால், அந்தக் கம்பி ஒரே குழியில் விழுந்து உடைந்தது இல்லை. வெகு நாட்களுக்கு முன்பே மெல்லிய விரிசல் விட்டு, அது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், கடைசியில் மிச்சம் இருந்த உலோகம் தாங்காமல் அறுந்திருக்கிறது. ஒரு கம்பித் துண்டை விரலால் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் எப்படி ஒடிகிறதோ, அதே தான் இங்கே மிக மெதுவாக நடக்கிறது. இதை உலோகச் சோர்வு என்பார்கள்.

ஏன் சோர்வு வருகிறது? சைக்கிள் வீலில் எல்லாக் கம்பிகளும் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கின்றன. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளில் மட்டும் அந்த இழுவிசை குறைகிறது. மற்ற கம்பிகளில் பெரிய மாற்றம் இல்லை. சக்கரம் உருள உருள ஒவ்வொரு கம்பியும் கீழே வரும்போது தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. 35 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.17 மீட்டர். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 460 சுற்று. 5000 கிலோமீட்டர் ஓட்டினால் ஒவ்வொரு கம்பியும் 23 லட்சம் தடவை தளர்ந்து இறுகியிருக்கும்.

நன்றாக இறுகிய கம்பி கீழே வரும்போது கொஞ்சம் தளருமே தவிர முழுவதும் தொய்வதில்லை. அதனால் அதன் கழுத்து, அதாவது தலைக்குக் கீழே வளைந்த பகுதி, ஹப் தட்டின் (ஹப்பின் இரு ஓரத்திலும் கம்பிகள் மாட்டும் வட்டத் தட்டு) ஓட்டைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இறுக்கம் போதாத கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து, கழுத்து ஓட்டைக்குள் அசைகிறது. அந்த அசைவு நேராக வளைவில் போய் விழுகிறது. அந்த வளைவோ, ஆலையில் குளிர்ந்த நிலையிலேயே கம்பியை மடக்கி உண்டாக்கியது. மடக்கும்போது உண்டான அழுத்தம் உள்ளேயே தங்கியிருக்கும். ஆகவே அங்கேதான் முதலில் போகிறது.

கியர் பக்கம் மட்டும் உடைவதற்கும் காரணம் உண்டு. பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலது பக்க ஹப் தட்டு சக்கரத்தின் மையத்துக்கு அருகே தள்ளி இருக்கிறது. இடது தட்டு தூரத்தில் இருக்கிறது. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால், கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும் வலது கம்பிகள் அதிகமாக இழுக்க வேண்டும். சரிவாக வரும் இடது கம்பிகளுக்குக் குறைவாக இழுத்தால் போதும். இடது பக்கம், வலதின் பாதி அல்லது கொஞ்சம் கூடுதல் இழுவிசையில் இருப்பது சாதாரணம். மொத்த வீலும் இறுக்கமில்லாமல் கட்டப்பட்டிருந்தால், இடது பக்கம் கிட்டத்தட்டத் தொங்கும். அப்போது வலது பக்கம் தனியாக வீலைச் சுமக்கிறது.

இங்கே ஒரு சோதனை செய்துவிடுங்கள். உடையாத வலது கம்பிகளை ஹப்புக்கு அருகே, பெரிய பல்சக்கரத்துக்குப் பின்னால், விரலால் தடவிப் பாருங்கள். செயின் எப்போதாவது பெரிய பல்லைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தால் கம்பிகளில் வரிவரியாகக் கீறல் இருக்கும். கீறல் உள்ள கம்பி அந்த இடத்திலேயே உடையும். அப்படி இருந்தால் கம்பியை மாற்றுவதோடு, டிரேலியர், அதாவது செயினைப் பல்சக்கரங்களுக்கிடையே நகர்த்தும் கருவி, உள்ளே போகும் எல்லையைக் கட்டுப்படுத்தும் திருகையும் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு உடைந்தது வளைவில் என்பதால் இது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் பார்ப்பது நல்லது.

மூன்று கம்பிகள் ஒரே பக்கத்தில், ஒரே மாதிரி உடைந்தால் மீதியுள்ளவையும் அதே வயது, அதே சோர்வு. மாற்றிய புதுக் கம்பி ஒழுங்காக இருக்கும். பக்கத்தில் இருப்பது அடுத்து போகும். அதோடு, ஒரு கம்பி உடைந்த வீலை அவசரத்தில் நேராக்கும்போது அருகிலுள்ள நான்கைந்து நிப்பிள்களை (கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சிறு நட்டுகளை) மட்டும் திருகி கோட்டத்தை மறைத்துவிட முடியும். ரிம் நேராகச் சுற்றும், ஆனால் ஒரு கம்பி மிக இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் இருக்கும். விரல் நகத்தால் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று கணீர் என்றும் அடுத்தது மந்தமாகவும் கேட்டால் அந்த வீல் நேராக இருந்தும் பயன் குறைவு. இசை தெரியாதவர்களுக்கும் இந்த வித்தியாசம் காதில் விழும். சோதிக்கும்போது வலதை வலதோடும் இடதை இடதோடும்தான் ஒப்பிட வேண்டும்.

சரி, ரிம்மைப் பாருங்கள். டயர், டியூப், ரிம் டேப் மூன்றையும் கழற்றுங்கள். ஒவ்வொரு நிப்பிள் ஓட்டையைச் சுற்றியும் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள், ஒன்று இருந்தாலும் அந்த ரிம்மில் புதுக் கம்பி கட்டுவது வீண். வி பிரேக் என்பதால் பிரேக் கட்டை உரசும் பக்கச்சுவர் தேய்ந்திருக்கும். ஓர் இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிறுத்தினால் நடுவே பள்ளம் தெரிந்தால் சுவர் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். மெலிந்த சுவர் டயர் காற்றின் அழுத்தத்தில் பிளக்கக்கூடும். பணத்தைப் பார்க்காமல் ரிம்மை மாற்றுங்கள். குழியில் இடித்து உள்வாங்கிய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிம் உண்மையில் நேரா என்பது கம்பிகளைத் தளர்த்திய பிறகுதான் தெரியும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹப்பில், ஆக்சிலை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் கோனையும் (குண்டுகளைப் பிடிக்கும் கூம்பு நட்டு) குண்டுகளையும் மாற்றிச் சரியாக்கலாம். குண்டுகள் ஓடும் கப்பே குழி விழுந்திருந்தால் ஹப் முடிந்தது. ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) திருகும் வகை ஹப்பில் வலது பக்கக் குண்டுகள் ஆக்சிலின் முனையிலிருந்து வெகு உள்ளே இருப்பதால் ஆக்சில் வளைவதும் உடைவதும் அடிக்கடி நடக்கிறது. சுற்றும்போது ஆக்சில் முனை தள்ளாடினால் அதுதான். புது ஆக்சில் போட்டுக்கொள்ளலாம், ஹப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அடுத்தது மிக முக்கியம். கம்பிகளைத் தொடும் முன் ஃப்ரீவீலைக் கழற்றிவிடுங்கள். வலது பக்கக் கம்பிகளைச் செருக ஃப்ரீவீல் வெளியே வந்தே ஆக வேண்டும். நீங்கள் மிதித்த ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கியிருக்கிறது. அந்த இறுக்கத்தை எடுக்க ரிம்தான் உங்கள் நெம்புகோல். கம்பிகளை வெட்டிய பிறகு வெறும் ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரீவீலைக் கழற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதற்குரிய கழற்றியை வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனி ஃப்ரீவீலுக்கும் பள்ளம் வேறு என்பதால் உங்களுடையதைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். கழற்றியைப் பொருத்தி, நழுவாமல் இருக்க ஆக்சில் நட்டால் லேசாகப் பிடித்துக்கொண்டு, பட்டறை வைஸில் கழற்றியைக் கவ்வவிட்டு, வீலை மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக இரு கையாலும் திருப்புங்கள். ஒரு அதிர்வோடு விடும். விட்டதும் நட்டைத் தளர்த்திவிட்டு மீதியைக் கையால் சுழற்றி எடுங்கள். வைஸ் இல்லை என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் கடைக்குப் போய்வரலாம். கேசட் வகையாக (ஹப்பில் திருகாமல் செருகும் பல்சக்கரத் தொகுதி) இருந்தால் கருவிகள் வேறு, வேலை சுலபம்.

எல்லாக் கம்பிகளையுமா, வலது பக்கம் மட்டுமா? நான் 36 கம்பிகளையும் மாற்றுவேன். இடது பக்கம் உடையவில்லை என்றாலும் அவையும் அதே லட்சக்கணக்கான சுற்றுகளைச் சுற்றியவை, தளர்வாக இருந்தவை. செலவு இடித்தால் வலது 18ஐ மட்டும் மாற்றி, இடதைப் புதிதாக இறுக்கிக்கொள்ளலாம். நிப்பிள்கள் கட்டாயம் புதிது. பித்தளை நிப்பிள் வாங்குங்கள். அலுமினிய நிப்பிள் எடை குறைவு, ஆனால் தினசரி ஓட்டத்துக்கும் மழைக்கும் பித்தளை பொருத்தமானது.

கம்பி 14 கேஜ், அதாவது 2 மி.மீ., துருப்பிடிக்காத எஃகு. கடையில் சிலர் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் இல்லை என்பார்கள். கம்பியாக இழுக்கும்போது ஸ்டெயின்லெஸ் எஃகும் கொஞ்சம் காந்தத்தன்மை பெறும், அதனால் லேசாக ஒட்டுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நடுவில் 1.8 மி.மீ. ஆக மெலிந்து இரு முனையிலும் 2 மி.மீ. ஆக இருக்கும் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது. மெலிந்த நடுப்பகுதி கொஞ்சம் கூடுதலாக நீண்டு கொடுப்பதால் கழுத்தில் விழும் பாரம் குறைகிறது. மெலிந்த கம்பி உறுதி குறைந்தது என்று கைவிடுபவர்கள் உண்டு. உடைவது கழுத்தில், நடுவில் இல்லை என்பதை அவர்களுக்குச் சொல்லலாம்.

நீளம்தான் பலரைத் தடுக்கிறது. அதே ரிம், அதே ஹப் என்றால் கணக்கே வேண்டாம். வலதிலிருந்து ஒன்று, இடதிலிருந்து ஒன்று கழற்றி, வளைவின் உட்பக்கத்திலிருந்து முனை வரை அளந்துகொள்ளுங்கள். பழைய கம்பியின் முனை நிப்பிளுக்குள், ஸ்குரூடிரைவர் வெட்டின் அடிமட்டம் வரை வந்திருந்தால் அந்த நீளம் சரி. ஒரு கம்பியை அளந்து இரு பக்கத்துக்கும் வாங்கிவிடாதீர்கள், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ரிம் மாற்றுவதாக இருந்தால் கணக்குப் போட வேண்டும். நிப்பிள் உட்காரும் இடத்திலிருந்து அதற்கு நேர் எதிரே நிப்பிள் உட்காரும் இடம் வரையான ரிம்மின் விட்டம், ஹப் தட்டில் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மையத்திலிருந்து ஒவ்வொரு தட்டும் இருக்கும் தூரம், எத்தனை குறுக்கு (ஒரு கம்பி தன் பக்கத்து எத்தனை கம்பிகளைக் கடக்கிறது) என்ற நான்கும் தெரிந்தால் போதும். உதாரணமாக ரிம் 600 மி.மீ., ஓட்டை வட்டம் 45 மி.மீ., 36 கம்பி, மூன்று குறுக்கு என்று எடுத்துக்கொண்டால், இடது தட்டு மையத்திலிருந்து 35 மி.மீ. தள்ளியிருக்கும்போது கம்பி 290 மி.மீ. வரும், வலது தட்டு 18 மி.மீ. தள்ளியிருக்கும்போது சுமார் 289 வரும். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் அதுவே நிப்பிளுக்கு மேல் நீட்டிக்கொண்டு டியூபைக் குத்தும் கம்பிக்கும் சரியான கம்பிக்கும் உள்ள தூரம்.

முதன்முறை கட்டுபவருக்கு நான் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. கம்பிகள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கோர்க்க வேண்டாம். எல்லா நிப்பிள்களையும் வால்வு ஓட்டையிலிருந்து தொடங்கி அரைச் சுற்று, மறுபடியும் அரைச் சுற்று என்று சுற்றிவந்து தளர்த்துங்கள். ஒரே இடத்தில் முழுதாகத் தளர்த்தினால் ரிம் வளையும். எல்லாம் தொளதொளவென்று ஆனதும் ரிம்மைச் சுற்றிப் பாருங்கள். இப்போது இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் ஆடினால் ரிம்மே வளைந்திருக்கிறது. கம்பியின் இழுவிசை அதை மறைத்து வைத்திருந்தது. அத்தகைய ரிம்மில் சமமான இழுவிசையைக் கொண்டுவரவே முடியாது. ஆட்டம் இல்லை என்றால் ஒரு பழைய கம்பியை எடுத்து, அதே ஓட்டையில், அதே திசையில், மற்றக் கம்பிகளுக்கு மேலும் கீழும் அதே வழியில் ஒரு புதுக் கம்பியை விடுங்கள். நிப்பிளை நான்கைந்து சுற்று பிடிக்கவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கம்பியைப் பின்னும்போது மெல்ல வில் போல வளைக்கலாம், ஒடித்து மடக்கக் கூடாது. இப்படிச் செய்தால் வீலின் அமைப்பு கடைசிவரை உங்கள் கண்முன்னே இருக்கும், குழம்பாது. ரிம் மாற்றுபவர்களும், நிப்பிள் உட்காரும் விட்டம் ஒன்றாக இருந்தால், புது ரிம்மைப் பழையதோடு சேர்த்து டேப்பால் கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றலாம்.

வெறும் ஹப்பிலிருந்து கட்டத்தான் வேண்டும் என்றால் முறை இது. ஒரு தட்டில் 18 ஓட்டை. வலது தட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒன்பது கம்பிகளை வெளியிலிருந்து உள்ளே விடுங்கள், தலை வெளியே தெரியும். முதல் கம்பி வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில், வலது பக்கமாகத் தள்ளியுள்ள ரிம் ஓட்டையில் போகும். அதிலிருந்து ஒவ்வொரு நான்காவது ரிம் ஓட்டையிலும் அடுத்தடுத்து. இடது தட்டிலும் இதேபோல் ஒன்பது, முதல் கம்பிக்கு அடுத்த ஓட்டையில் தொடங்க வேண்டும். பிறகு ஹப்பைத் திருகினால் கம்பிகள் எல்லாம் ஒருபக்கமாகச் சாயும். முதல் கம்பி வால்வு ஓட்டையை விட்டு விலகிச் சாயும்படி திருகுங்கள். அப்போதுதான் பம்ப் தலை நுழைய இடம் இருக்கும். மீதி ஒன்பது ஒன்பதும் உள்ளிருந்து வெளியே வந்து எதிர்த் திசையில் போகும். ஒவ்வொன்றும் தன் பக்கத்து மூன்று கம்பிகளைக் கடக்கும், முதல் இரண்டுக்கு வெளியே, மூன்றாவதுக்கு உள்ளே. அந்த மூன்றாவது பின்னல்தான் இரண்டு கம்பிகளையும் ஒன்றையொன்று தாங்க வைக்கிறது.

ஏன் இப்படிச் சாய்த்துக் குறுக்கே கட்டுகிறோம்? ஹப்பிலிருந்து நேராக ரிம்முக்கு நீட்டிய கம்பிகளால் எடையைத் தாங்க முடியும், ஆனால் நீங்கள் மிதிக்கும்போது ஹப் திரும்பும் விசையை ரிம்முக்குக் கொண்டுசெல்ல முடியாது, ஹப் தனியே திரும்பப் பார்க்கும். ஹப் தட்டுக்குத் தொடுகோடாகப் போகும் கம்பி அந்த விசையை நேராக இழுத்துக் கொடுக்கிறது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி இதற்கு 1874இல் காப்புரிமை பெற்றார். ஒன்றரை நூற்றாண்டாகியும் இன்று நம் தெருவில் ஓடும் பெரும்பாலான சைக்கிள்கள் அதே அமைப்பில்தான் இருக்கின்றன. பின்சக்கரத்திலும், டிஸ்க் பிரேக் உள்ள எந்தச் சக்கரத்திலும் குறுக்குக் கட்டு அவசியம்.

இனி இறுக்குவது. கோர்க்கும்போதே ஒவ்வொரு கம்பியின் மரையிலும் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்க வேண்டும், நிப்பிள் ரிம்மில் உட்காரும் இடத்திலும் ஒரு துளி. எண்ணெய் இல்லாமல் இறுக்கினால் நிப்பிள் திரும்பாமல் கம்பிதான் முறுக்கிக்கொள்ளும். நிப்பிள் சாவி துளிகூட ஆடாமல் பொருந்த வேண்டும். பல அளவுப் பள்ளங்கள் உள்ள வட்டச் சாவியில் தவறான பள்ளத்தைப் போட்டால் நிப்பிளின் முனைகள் மழுங்கிவிடும். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் வலஞ்சுழி இறுக்கும், இடஞ்சுழி தளர்த்தும். குழப்பம் வந்தால் இந்த ஒரே வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா நிப்பிள்களையும் மரை மறையும் அளவுக்கு ஒரே மட்டத்தில் கொண்டுவாருங்கள். இதுதான் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு முழுச் சுற்று, அப்புறம் அரை, அப்புறம் கால். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டையையோ பின் ஃபோர்க்கில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் டையையோ அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், ஸ்டாண்ட் தேவையில்லை. முதலில் மேடு பள்ளத்தைப் பாருங்கள், கம்பிகள் தளர்வாக இருக்கும்போதுதான் அது சுலபமாக வசப்படும். ரிம் வெளியே புடைத்த இடத்தில் இரு பக்கத்துக் கம்பிகளையும் இறுக்க வேண்டும், உள்வாங்கிய இடத்தில் இரண்டையும் தளர்த்த வேண்டும். பிறகு பக்கக் கோட்டம். ரிம் வலது பக்கம் போகும் இடத்தில் இடது கம்பியைக் கால் சுற்று இறுக்கி, அருகிலுள்ள வலது கம்பியைக் கால் சுற்று தளர்த்துங்கள். இறுக்குவதோடு தளர்த்துவதும் சேர்ந்தால்தான் மொத்த இழுவிசை சமமாக இருக்கும். நான் பார்த்த பெரும்பாலான கெட்ட வீல்கள், இறுக்க மட்டுமே தெரிந்த கையால் கோட்டம் எடுக்கப்பட்டவை.

மையம் பார்க்க, வீலைக் கழற்றி இடம் வலம் மாற்றி ஃபிரேமில் போட்டுப் பாருங்கள். ஃப்ரீவீல் வெளியே இருக்கும்போதே இதைச் செய்வது வசதி. இரண்டு நிலையிலும் ரிம்முக்கும் ஒரே பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளி ஒன்றாக இருந்தால் ரிம் நடுவில் நிற்கிறது. ரிம் இடது பக்கம் தள்ளியிருந்தால் வலது பக்கம் முழுவதையும் கால் சுற்று இறுக்குங்கள். இந்த மூன்றையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக நினைத்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

கம்பி முறுக்கிக்கொள்வதைப் பற்றிச் சொன்னேன். இறுக்கம் ஏறும்போது எண்ணெய் இருந்தும் கொஞ்சம் முறுக்கும். ஒரு கம்பியில் சிறு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டிப் பார்த்தால் அது எவ்வளவு திரும்புகிறது என்று தெரியும். கால் சுற்று வேண்டுமென்றால் அரைச் சுற்று போய், கால் சுற்று திரும்பி வாருங்கள். முறுக்கு அவிழும்.

இதற்கு அடுத்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், வீல் நிலைப்பதும் நிலைக்காததும் இதில்தான் இருக்கிறது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஒரே பக்கத்தில் இணையாகப் போகும் இரண்டிரண்டு கம்பிகளை நடுவில் பிடித்து முழு பலத்தோடு நெருக்குங்கள். வீலைச் சுற்றி இரு பக்கமும் எல்லாக் கம்பிகளுக்கும் செய்யுங்கள். ஒரு கணம் கம்பியின் இழுவிசை வழக்கத்தைவிட மிக அதிகமாகிறது. வளைவில் தங்கியிருக்கும் ஆலை அழுத்தம் அந்தக் கணத்தில் நெகிழ்ந்து விடுபடுகிறது. கழுத்து ஹப் தட்டோடு ஒட்டி உட்காருகிறது. வெளிப்புறமாகப் போகும் கம்பிகள் தட்டிலிருந்து வில்லாக விலகியிருந்தால், கட்டைவிரலால் அழுத்தி அவற்றைத் தட்டோடு படிய வையுங்கள். நெருக்கியதும் வீல் கொஞ்சம் கோணும். மறுபடி கோட்டம் எடுங்கள், மறுபடி நெருக்குங்கள். நெருக்கியும் கோணாத நிலை வரும்போது வேலை முடிகிறது. இதைச் செய்த வீலில் கழுத்து உடைவது வெகுவாகக் குறையும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

எவ்வளவு இறுக்கம்? உங்களுடையது போன்ற அலுமினிய ரிம்களில் வலது பக்கம் 100 முதல் 120 கிலோ விசை வரை வழக்கமானது. ரிம்மில் அதன் கம்பெனி குறித்த உச்ச அளவு இருந்தால் அதை மீறக் கூடாது. இழுவிசை மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், ஒழுங்காகக் கட்டிய இன்னொரு 700சி பின்சக்கரத்தை, அதே தடிமன் கம்பி உள்ளதாகப் பார்த்து, சுண்டி அதன் வலது பக்கச் சுருதியோடு ஒப்பிடுங்கள். அளவு மீறிப்போனால் வீலே சொல்லிவிடும். கம்பிகளை நெருக்கியதும் ரிம் திடீரென்று இரண்டு மூன்று இடத்தில் அலையாக நெளிந்தால் அது அந்த ரிம்மின் எல்லை. எல்லாவற்றையும் அரைச் சுற்று தளர்த்தி மறுபடி நேராக்குங்கள். பக்கக் கோட்டம் அரை மி.மீ.க்குள் வந்தால் போதும். ரிம்மின் இரு முனையும் சேர்த்து ஒட்டிய இடத்தில் பெரும்பாலும் சிறு மேடு இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு கம்பிகளின் சமநிலையைக் கெடுக்காதீர்கள்.

பழைய 28 அங்குல இரும்பு சைக்கிள் வைத்திருப்பவர்களும் இதையே கேட்பதால் ஒரு வார்த்தை. அவற்றில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி என்பது பழைய ஆங்கிலேய வழக்கம். பின்னால் பாரம் அதிகம் என்பதால் கம்பியும் அதிகம். ஒரே பல்சக்கரம் என்பதால் இரு பக்கத் தட்டுகளும் கிட்டத்தட்டச் சமதூரத்தில் இருக்கும், இழுவிசையும் சமமாக இருக்கும். வடிவத்தில் இதைவிட உறுதியான சக்கரம் கிடைப்பது அரிது. பால் கேனும் சிலிண்டரும் சுமந்து இத்தனை ஆண்டு ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே எதிரி சோர்வைவிடத் துருதான். நிப்பிள் கம்பியோடு சேர்ந்து துருவேறி இறுகிவிட்டால் பலவந்தமாகத் திருகாதீர்கள். துருநீக்கும் எண்ணெயை நிப்பிளின் இரு முனையிலும் விட்டு ஒரு இரவு வைத்துப் பாருங்கள். அப்படியும் அசையாவிட்டால் வெட்டி எடுத்துப் புதுக் கம்பி போடுவதுதான் வழி. ரிம்மின் உட்புறம் துரு தின்று பொரிந்திருந்தால் புது ரிம்.

வழியில் கம்பி உடைந்தால், உடைந்ததை அடுத்த கம்பியோடு சுற்றிக் கட்டுங்கள். ரிம் பிரேக் கட்டையில் உரசினால் பிரேக்கைக் கொஞ்சம் திறந்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் அதற்கு இருபுறமும் உள்ள இரண்டு கம்பிகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். 36 கம்பி வீலில் மெதுவாக வீடு வந்து சேரலாம். 20, 24 கம்பி வீலில் ஒன்று உடைந்தால் தள்ளிக்கொண்டு வருவதே பாதுகாப்பு.

கடையிலேயே செய்யக் கொடுப்பதாக இருந்தால் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: எல்லாக் கம்பியும் புதிதாக இருக்க வேண்டும், ஒரே பக்கத்தில் ஒரே சுருதி இருக்க வேண்டும், கம்பிகளை நெருக்கி மறுபடி கோட்டம் எடுத்திருக்க வேண்டும். பக்குவமுள்ள மெக்கானிக் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார், கூடுதல் நேரத்துக்கு உரிய கூலியைக் கேட்பார், அதைக் கொடுங்கள்.

வீட்டில் கட்டியிருந்தால், டயர் போடும் முன் நிப்பிளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளை அரத்தால் ராவிவிட்டு, புது ரிம் டேப் ஒட்டுங்கள். முதல் ஓட்டத்தில் 'டிக் டிக்' என்று சில சத்தங்கள் வரும், மிச்சமிருந்த முறுக்கு அவிழும் சத்தம்தான் அது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு வீலை மறுபடி சுண்டிப் பார்த்து, கோட்டம் இருந்தால் கால் சுற்றுகளில் சரிசெய்யுங்கள். இடது பக்கத்தில் ஏதாவது ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அதன் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.